பேஷன்ட் விழுந்தா மெமோ மட்டும் போதுமா? ஆஸ்பத்திரி நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆஸ்பத்திரி நிர்வாகிகளுக்கும் நர்சிங் சூப்பிரண்டென்ட் மேடங்களுக்கும் வணக்கம்.

நான் மெடிக்கல் வார்டுல ரொம்ப வருஷமா இருக்குற ஸ்டாஃப் நர்ஸ். வார்டுல ஒரு பேஷன்ட் கீழ விழுந்துட்டா மறுநாள் காலைல நீங்க கேக்குற முதல் கேள்வி "நைட் டியூட்டி யாரு?" அப்புறம் மெமோ, விளக்கக் கடிதம். இதனால என்ன ஆகுதுன்னா அடி படாம தப்பிச்சவங்க விழுந்தத யாரும் எழுதுறதே இல்ல, பயம், அதனால எந்த இடத்துல எந்த நேரத்துல விழுறாங்கன்னு உங்க கைக்கு கணக்கே வராது.

எங்களுக்குத் தெரியும். பெரும்பாலும் பாத்ரூம் போற வழியில தான், ராத்திரி இல்ல விடிகாலைல. சாயங்காலம் லாசிக்ஸ் போட்டிருப்போம், அது நீர் பிரிய வைக்குற மருந்து, கூடவே பிரஷர் மாத்திரை, தூக்க மாத்திரை வேற. பெரியவருக்கு நடுராத்திரில அவசரமா வரும், படுத்திருந்தவர் சட்டுன்னு எந்திரிச்சு நின்னா பிபி இறங்கி கண்ணு இருட்டும், ஒரு கையில ட்ரிப்ஸ் ஸ்டாண்ட், இன்னொரு கையில அவுந்துடாம வேட்டியப் பிடிச்சுக்கணும். கூட இருக்குற மருமக கீழ பாய் விரிச்சு அசந்து தூங்கும், எழுப்ப மனசு வராது. சிஸ்டரக் கூப்பிட கூச்சம். பாத்ரூம் வாசல்ல ஒரு படி, உள்ள ஈரம், பிடிச்சுக்க சுவத்துல ஒண்ணும் கிடையாது. நிமோனியான்னு நடந்து வந்த ஒரு அம்மா இப்படி விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சு ஸ்ட்ரெச்சர்ல வீட்டுக்குப் போனத நான் பாத்திருக்கேன்.

பேஷன்ட் விழுற ஆபத்து எவ்வளவுன்னு மார்க் போட்டு பாக்குற மோர்ஸ் ஸ்கேல் போடுறோம் தான். முன்னாடி விழுந்திருந்தா 25, ட்ரிப்ஸ் லைன் இருந்தா 20, மொத்தம் 45 இல்ல அதுக்கு மேல வந்தா பொதுவா ஹை ரிஸ்க். ஆனா ஸ்கோர் போட்ட பிறகு அந்த ஆளுக்குன்னு என்ன மாறுதுன்னு பாருங்க, கட்டிலோட பக்கத் தடுப்புக் கம்பிய, அதான் சைட் ரெயில, ஏத்தி விடுறோம், அவ்வளவு தான். மனசு குழம்பியிருக்குற பேஷன்ட் அந்த ரெயில் மேல ஏறி இறங்கப் பாப்பாரு, அப்ப இன்னும் உயரத்துல இருந்து விழுவாரு.

நான் கேக்குறது பெரிய செலவு இல்ல. ஹை ரிஸ்க் பேஷன்ட்டுங்கள தூங்குறதுக்கு முன்னாடியும் நடுராத்திரிலயும் நாங்களே போய் "பாத்ரூம் போலாமா ஐயா"ன்னு கேட்டு கூட்டிட்டுப் போக ஒரு ஆள் குடுங்க. கட்டில் பக்கத்துலயே உக்காந்து போக கமோட் சேர் வைங்க. பாத்ரூம்ல கைப்பிடி, ராத்திரி முழுக்க ஒரு லைட். தரைய கழுவி விட்டா மட்டும் போதாது, துடைச்சு காய வைக்கணும். முடிஞ்ச பேஷன்ட்டுக்கு லாசிக்ஸ் ரெண்டாவது டோஸ மதியத்துலயே முடிக்க முடியுமான்னு டாக்டருங்க கிட்ட நீங்க பேசணும், நாங்க சொன்னா எடுபடல.

ஆள் விஷயத்தையும் சொல்லிடுறேன். இந்தியன் நர்சிங் கவுன்சில் கணக்குப்படி டீச்சிங் ஆஸ்பத்திரில, அதாவது மெடிக்கல் காலேஜ் மாதிரி படிப்பு நடக்குற ஆஸ்பத்திரில, 3 பேஷன்ட்டுக்கு ஒரு நர்ஸ், மத்த இடத்துல 5 பேருக்கு ஒருத்தர். எங்க வார்டுல ராத்திரி நிலைமை என்னன்னு டியூட்டி ரோஸ்டர எடுத்துப் பாருங்க.

அடுத்த சேஃப்டி கமிட்டி மீட்டிங்ல நைட் சிஸ்டர் ஒருத்தரையும் பாத்ரூம் கழுவுற அக்கா ஒருத்தரையும் உக்கார வைங்க. எந்த பாத்ரூம்ல தண்ணி தேங்குது, எந்த பெட்டுக்கு பெல் வேலை செய்யலன்னு அங்கயே சொல்லிடுவாங்க.

இப்படிக்கு,
ஒரு ஸ்டாஃப் நர்ஸ்