லேமினேட் செய்யாதே, வைத்தி

கும்பகோணம்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள வைத்தி,

லேமினேஷன் கடைக்குப் போய்விட்டாயா, இல்லையா? போகவில்லை என்றால் இதைப் படித்து முடிக்கும்வரை உன் தாத்தா கடிதங்கள் இருக்கும் அந்தப் பையை மாப்பிள்ளை கையில் கொடுக்காதே. போய்விட்டாய் என்றால் மேலே படிக்காதே. உனக்கும் பிரஷர், எனக்கும் பிரஷர்.

இத்தனை மாதம் எழுதாததற்கு நான் மன்னிப்புக் கேட்டால் பதிலுக்கு நீயும் கேட்க வேண்டியிருக்கும். இருவரும் விட்டுவிடுவோம். இங்கே எல்லோரும் சௌக்கியம். கமலாவுக்கு முட்டிவலி, அதைப் பற்றித் தனியாக எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். பிப்பெட் பாலு பேரன் காதுகுத்துக்கு வந்தேன் என்று வந்தான். உன்னை விசாரித்தான். பணத்தைப் பற்றி மூச்சே விடவில்லை.

நேற்று போனில் நான் கத்தியது உனக்கு விளங்கியிருக்காது. "கடைக்காரர் தெரிந்தவர்டா, பளபளன்னு பண்ணித் தருவார்" என்றாய், டவர் போய்விட்டது. போனில் உன்னிடம் எதையும் சொல்லி முடிக்க முடிந்ததில்லை. பாதியிலேயே "சரி, சரி" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் கூரியர்.

கடையில் இருக்கும் அந்த மெஷின் என்ன செய்கிறது தெரியுமா? மேலே பாலியெஸ்டர், உள்பக்கம் பசை. நூறு டிகிரிக்கு மேல் சூடேறிய உருளைக்குள் தள்ளும்போது பசை உருகிக் காகித நாருக்குள் இறங்கிவிடும். ஆதார் அட்டைக்கு அது போதும். தாத்தா கடிதத்துக்குள் இறங்கியதை மறுபடி வெளியே எடுக்க வழியே கிடையாது. அமெரிக்காவில் வில்லியம் பாரோ என்று ஒருவர் 1930களில் செல்லுலோஸ் அசிடேட் படலம் வைத்துச் சூட்டில் அழுத்தும் முறையைக் கொண்டுவந்தார். ஆவணக் காப்பகங்கள் பலவும் நம்பிப் பின்னால் போயின. கொஞ்ச காலம் கழித்து அந்தப் படலமே சிதைந்து அசெட்டிக் அமிலத்தைக் கக்க ஆரம்பித்தது. பழைய சினிமா ஃபிலிம் டப்பாவைத் திறந்தால் வினிகர் நெடி அடிக்குமே, அதே சமாசாரம். காகிதத்துக்கு முதல் எதிரி அதற்குள்ளே இருக்கும் அமிலம்தான் என்று பிற்பாடு ஊருக்கெல்லாம் சொன்னவரும் அதே பாரோதான். அந்த மனுஷனை எனக்குப் பிடித்துப்போனது அதனால்தான்.

எனக்கு ஏன் இந்தப் பைத்தியம் பிடித்தது என்று கேட்பாய். கமலாவின் பெரியப்பா வீட்டைப் போன தையில் இடித்தார்கள். பரண் பெட்டியில் நெல் குத்தகைக் கணக்குப் புத்தகம் ஒன்று. வீட்டிலேயே காய்ச்சிய மையில் எழுதியது. பக்கத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன், எழுத்து இருந்த இடமெல்லாம் ஓட்டை. "மூட்டை" என்று எழுதியிருந்த இடத்தில் மூட்டை வடிவத்தில் பின்பக்கச் சுவர் தெரிகிறது. எழுதாத ஓரங்களில் காகிதம் நன்றாகவே இருக்கிறது, வைத்தி! கரையானில்லை, ஈரமில்லை. எழுத்தே காகிதத்தைத் தின்றுவிட்டது.

நமக்கு இது புதிதில்லை, கெமிஸ்ட்ரி பரீட்சைக்குப் படித்ததுதான். மாசிக்காயோ கடுக்காயோ இடித்து ஊறவைத்தால் டானின் என்ற துவர்ப்புச் சத்து இறங்கும். அதில் அன்னபேதி போடு. நம் லேபில் பச்சைப் படிகமாக இருக்குமே, அந்த பெரஸ் சல்பேட்தான். கொஞ்சம் கருவேலம்பிசின் சேர்த்தால் மை. எழுதும்போது வெளிறித்தான் இருக்கும். காகித நாருக்குள் ஊறி, காற்றுப் பட்டு, இரும்பு பெரஸ் என்ற நிலையிலிருந்து பெரிக் என்ற நிலைக்கு மாறினால்தான் கறுக்கும். அப்போது கரையாத பொருளாகி நாரைப் பிடித்துக்கொள்ளும், தண்ணீர் ஊற்றினாலும் போகாது. அரிவாள்மணையில் வாழைப்பூ நறுக்கினால் கை கறுக்கிறது, இரும்புச் சட்டியில் வேகவைத்த நெல்லிக்காய் கறுக்கிறது. ஐரோப்பா முழுக்க ஆயிரம் வருஷத்துக்கு மேல் எழுதிய மை, நம் வீட்டு அடுப்படியில் தினமும் தற்செயலாகத் தயாராகிக்கொண்டிருக்கிறது.

சும்மா இருப்பேனா? நாட்டு மருந்துக்கடையில் மாசிக்காய், அன்னபேதி இரண்டும் வாங்கி வந்து காய்ச்சினேன். ராத்திரி எழுதும்போது டீத்தண்ணி நிறம், காலையில் எழுந்து பார்த்தால் கன்னங்கரேல். அரைமணி நேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேட்டியில் கொட்டியதை கமலா எலுமிச்சம்பழம் வைத்துத் தேய்த்தாள். சிட்ரிக் அமிலம் இரும்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும் என்று நான் விளக்கியதை அவள் ரசிக்கவில்லை. இந்தக் கடிதம் அந்த மையில் எழுதியதில்லை, பயப்படாதே. அதைப் பேனாவில் ஊற்றினால் உள்ளே மண்டி அடைத்துக்கொள்ளும், எஃகு நிப்பை அரித்தும் விடும். அந்தக் காலத்தில் நல்ல பேனாவுக்குத் தங்க நிப் போட்டதில் ஆடம்பரம் பாதி என்றால், இந்த அமிலத்துக்குப் பயம் பாதி.

அந்த மையின் வியாதி இரண்டு. கறுப்பு உண்டாகும்போதே கூடவே கந்தக அமிலமும் உண்டாகும். அது காகித நாரிலுள்ள செல்லுலோஸ் சங்கிலியைக் கண்ணி கண்ணியாக வெட்டும். இரண்டாவது, மோசமானது. காய்ச்சுகிறவர்கள் பெரும்பாலும் அன்னபேதியைத் தாராளமாகப் போட்டுவிடுவார்கள். டானினோடு சேராமல் மிஞ்சிய பெரஸ் இரும்பு காகிதத்திலேயே சுற்றிக்கொண்டு, காற்றிலுள்ள ஆக்ஸிஜனைச் செல்லுலோஸின் மேல் ஏவிவிடும். தான் தீர்ந்துபோகாது, வேலை மட்டும் நடந்துகொண்டே இருக்கும். சம்பத் சார் "கேட்டலிஸ்டுக்கு உதாரணம்" கேட்டபோது நீ எழுந்து நின்று சொன்னது ஞாபகம் வருகிறது. வேண்டாம், கமலா இதைப் படிப்பாள்.

அதே பெட்டியில் இரண்டு ஓலைச்சுவடிக் கட்டும் இருந்தது. ஓரம் பூச்சி அரித்திருக்கிறது, எழுத்து மட்டும் நேற்றுக் கீறியது போல. எழுத்தாணிப் பள்ளத்தில் தடவியது விளக்குக் கரி, வெறும் கார்பன். அது எதோடும் சேராது, வெயிலுக்கு வெளுக்காது, ஓலைக்கும் ஒன்றும் செய்யாது. "நம்ம முன்னோர் எல்லாம் தெரிஞ்சுதான்டா செஞ்சாங்க" என்று பாலு உடனே ஆரம்பித்துவிட்டான். எனக்கு அதில் சம்மதமில்லை. கீறலில் பொடி நிற்க வேண்டும், கையில் இருந்தது கரி, தடவினார்கள். அதிர்ஷ்டம் ஓலைக்கு. காகிதத்தில் கரி மை மேலோடுதான் நிற்கும், ஈரப் பஞ்சால் துடைத்து எடுத்துவிடலாம். பத்திரத்தில் தொகையைத் துடைத்து மாற்றி எழுதிவிடுவார்களே என்ற பயத்தில்தான் சர்க்கார்களும் சர்ச்சுகளும் இரும்பு மையைப் பிடித்துக்கொண்டன. இங்கிலாந்தில் பிறப்பு, கல்யாணப் பதிவேட்டுக்கு இந்த நூற்றாண்டிலும் அதே மையைத்தான் பயன்படுத்தினார்கள். அழிக்க முடியாதது வேண்டும் என்று கேட்டு வாங்கினார்கள். அது காகிதத்தையே அழிக்கும் என்று கேட்டவர்களுக்குத் தெரியாது.

பெர்லின் நூலகத்தில் ஜெர்மன் இசைமேதை பாக் தன் கையால் எழுதிய இசைத்தாள்கள் இருக்கின்றன. கெட்டியாக மை நிரப்பிய சுரப்புள்ளிகள் காகிதத்திலிருந்து உதிர ஆரம்பித்துவிட்டன. என்ன செய்தார்கள் கேள். ஒரு தாளை முன்பக்கம் வேறு, பின்பக்கம் வேறாக நடுவிலே உரித்தார்கள்! நடுவில் மெல்லிய உறுதியான காகிதத்தை வைத்து மறுபடி ஒட்டினார்கள். நான் இதைப் படித்துவிட்டு இரண்டு நாள் கமலாவிடம் வேறு எதுவும் பேசவில்லையாம், அவள் சொல்கிறாள்.

இனி உன் தாத்தா விஷயம். சத்தம் போட்டுவிட்டேனே தவிர, அவர் கடிதங்கள் எங்கள் கணக்குப் புத்தகம் மாதிரி மோசமாகியிருக்காது. 1930களில் ரங்கூன் மொகல் தெருவில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர் கடையிலேயே கம்பெனி ப்ளூ-பிளாக் மை வாங்கியிருப்பார். அதிலும் இரும்புதான், ஆனால் அளவு பார்த்துப் போட்டது. அதில் நீலம் எதற்கு? எழுதும்போது என்ன எழுதுகிறோம் என்று கண்ணுக்குத் தெரிய வேண்டுமே, அதற்கான தற்காலிகச் சாயம். கறுப்பு பின்னால் வரும், நீலம் மெல்ல விலகும், காலப்போக்கில் கறுப்பும் பழுப்பாகும். இப்போது பழுப்பாக இருக்கிறது என்றாயே, தாத்தா எழுதி ஒற்றியபோது கருநீலமாக இருந்திருக்கும். காகிதம்தான் சந்தேகம். அந்தக் காலத்து மெஷின் காகிதத்தில் படிகாரமும் பைன் மரப் பிசினும் போடுவார்கள், அதுவும் அமிலம். மடிப்பு உடைகிறது என்றாயே, அதற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

எனக்குத் தூக்கம் போனது கடைசிக் கடிதத்தை நினைத்து. 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு அனுப்பியதாக உன் அப்பா எடுத்துக் காட்டுவாரே, ஊதா நிறத்தில் இருப்பது. அது மையே இல்லை, வைத்தி. நாக்கில் தொட்டு எழுதும் காப்பியிங் பென்சில். கிராஃபைட், களிமண்ணோடு மெத்தில் வயலெட். அனிலின் சாயக் குடும்பம். தண்ணீர் பட்டால் கரைந்து ஓடும், வெளிச்சம் பட்டால் மெத்தில் தொகுதிகளை ஒவ்வொன்றாக இழந்து வெளுக்கும். யாராவது "லேசாக ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஒட்டலாம்" என்றால் அத்தோடு தாத்தா போனார். மற்றக் கடிதங்களுக்கு என்ன ஆனாலும் அதன் போட்டோவை இன்றைக்கே எடு. ஜன்னல் பக்கத்து வெளிச்சம் போதும், ஃபிளாஷ் வேண்டாம். அவர் பர்மாவிலிருந்து நடந்து வந்த கதையை அப்பா சொல்லி நாம் கேட்டது திண்ணையில். சொன்னவர் இல்லை. திண்ணையும் போய்விட்டது. இந்த ஒரு தாள்தான் இருக்கிறது, அதையும் உருளைக்குள் விடுவானா ஒருத்தன்?

சரி, செய்ய வேண்டியது. அடிக்கடி பிரித்து மடிக்காதே. விரித்து, நடுவே அமிலமில்லாத தாள் வைத்து, பாலியெஸ்டர் உறையில் போடு. இரண்டு பக்கம் திறந்திருக்கட்டும். பிவிசி உறை வேண்டவே வேண்டாம். செல்லோடேப் தொட்டால் உன்னோடு பேசமாட்டேன். பரணில் வைக்காதே, ஐப்பசி ஈரமும் சித்திரைச் சூடும் அங்கேதான். ஈரம் ஏறினால் மிஞ்சிய இரும்பு கரைந்து எழுத்தைச் சுற்றி நகரும், பழுப்பு வளையம் போடும்.

பெரஸ் இரும்பு மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்க ஒரு தாள் பட்டை இருக்கிறது. பேத்தோபினாந்த்ரோலின் தடவியது. காய்ச்சி வடித்த நீரில் லேசாக நனைத்து எழுத்தின் மேல் அரை நிமிடம் அழுத்தினால், இரும்பிருந்தால் இளஞ்சிவப்பாகும். ஊதாக் கடிதத்தில் மட்டும் வைக்கக் கூடாது. சிகிச்சையும் உண்டு. நெதர்லாந்தில் நீவெல் என்பவர் 1990களில் கண்டது. தவிட்டில் இருக்கும் பைட்டிக் அமிலம், "சாப்பாட்டில் இரும்புச் சத்தைச் சேரவிடாது" என்று டாக்டர்கள் திட்டுவார்களே, அதேதான். கால்சியம் பைட்டேட் கரைசலில் போட்டால் திரியும் இரும்பையெல்லாம் கட்டிப்போட்டுவிடும், அடுத்து கால்சியம் பைகார்பனேட்டில் போட்டு அமிலத்தை மாற்ற வேண்டும். இதைப் படித்துவிட்டு வீட்டில் தவிடு கரைக்க உட்காராதே, உன்னைத் தெரியும். கை தேர்ந்தவர்கள் செய்வது. சென்னையில் ரோஜா முத்தையா நூலகத்தில் யாரை அணுகுவது என்று கேட்டு வைக்கிறேன்.

அடுத்த மாதம் கமலாவைப் பிள்ளையார்பட்டிக்கு அழைத்துப் போக வேண்டும். அப்படியே தேவகோட்டைக்கு வந்துவிடுகிறோம். அதற்குள் டெஸ்ட் பட்டை கிடைத்தால் கையோடு எடுத்து வருவேன். சீப்புச் சீடையும் கவுனி அரிசியும் தயாராக இருக்கட்டும். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். மாப்பிள்ளைக்குக் கோபம் வந்தால் என் மேல் போடு.

அன்புடன்,
சிவராமன்

பி.கு: பாலுவிடம் இதையெல்லாம் சொல்லித் தொலைக்காதே. எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்திலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை எல்லாவற்றையும் லேமினேட் செய்து, ஃபைல் போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறான். நீ அவனுக்கு எழுதிக் கொடுத்த புரோநோட்டு மட்டும் அதில் இல்லை, நான் தேடிப் பார்த்தேன்.