செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சங்க நண்பர்களே, வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். வருகைப் பதிவேடு மேசைமேல் இருக்கிறது. ஆகவே இந்த அறிக்கை ஆண்டு முழுவதையும் எடுத்துக்கொண்ட ஒரே வேலையைப் பற்றியது: நம் பயிற்சிக் கர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) யூபிசான் கொட்டித் தீர்த்த எச்சரிக்கைகள். சி மொழி வரையறுக்காத செயல்களை நிரல் ஓடும்போதே பிடிக்கும் கருவி அது. சென்ற பொதுக்குழுவின் தீர்மானம் இரண்டே வரி. எச்சரிக்கையின் வாயை அடைக்கக் கூடாது, காரணத்தைத் திருத்த வேண்டும். திருத்திய நிரல் வரி 64-பிட் எக்ஸ்86, 32-பிட் ஆர்ம், ரிஸ்க்-ஃபைவ் என்ற மூன்று ப்ராசசர் வகைகளிலும், ஜிசிசி, கிளாங் என்ற இரண்டு கம்பைலர்களிலும் (நிரலை மெஷின் கட்டளையாக்கும் மென்பொருள்) ஒரே விடை தர வேண்டும்.

முதலில் கருவி. சாதாரண நிரலுக்கு, கம்பைலருக்குத் தரும் விருப்பக்குறியான சானிடைஸ் ஃபிளாக் ஒன்றைச் சேர்த்தால் போதும், செய்தி அச்சிடும் லைப்ரரியை கம்பைலரே இணைத்துவிடும். கர்னலுக்கு அந்த வசதி கிடையாது. ஷிஃப்ட் (பிட்களை இடம் தள்ளுவது), ஓவர்ஃப்ளோ (விடை மாறியின் கொள்ளளவை மீறுவது), அலைன்மென்ட் (முகவரி உரிய மடங்கில் அமைவது), அரே எல்லை என ஒவ்வொரு வகைத் தவறுக்கும் கம்பைலர் அழைக்கும் ஃபங்ஷன்களை நாமே எழுத வேண்டும். லினக்ஸ் 2016-இல் 4.5 பதிப்பிலிருந்து இப்படி வைத்திருக்கிறது. நெட்பிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளம் 2018-இல் தனக்கென ஒரு சிறு ரன்டைம் எழுதிக்கொண்டது. நாம் எழுதியபோது இரண்டு இடங்களில் சறுக்கல் நேர்ந்தது. அந்த ஃபங்ஷன்கள் உள்ள கோப்பையும் அதே ஃபிளாக்கோடு கம்பைல் செய்தால், உள்ளே ஒரு தவறு வந்ததும் அது தன்னையே அழைத்து அழைத்து ஸ்டாக் தீர்ந்துபோகும்; அந்தக் கோப்புக்கு மட்டும் ஃபிளாக்கை நீக்க வேண்டும். இரண்டாவது, கன்சோல் தயாராகும் முன்னரே ஓடும் பூட் பகுதி. அங்கே அச்சிட வழியில்லை என்பதால் தவறு நேர்ந்ததும் ட்ராப் கட்டளையில் நிற்கும் முறையை வைத்தோம். ஒரே வரி நூறு முறை கத்தாமலிருக்க, இடத்தகவலில் ஒரு பிட்டை ஏற்றி முதல் முறை மட்டும் அச்சிடுகிறோம்.

ஒன்றை மறக்க வேண்டாம். ஓடிய பாதையை மட்டுமே யூபிசான் பார்க்கும். யாரும் தொடாத டிரைவர் (சாதனத்தை இயக்கும் நிரல்) அமைதியாக இருப்பதால் அது சுத்தம் என்றாகாது.

அதிகம் வந்தது 1 << 31. 1-ஐ இடப்பக்கம் 31 இடம் தள்ளு என்பது அதன் பொருள். 32-பிட் இன்ட்டில் (எதிர்மறையும் கொள்ளும், அதாவது சைன்ட், முழு எண்) இது, எண் எதிர்மறையா என்று காட்டும் சைன் பிட்டுக்குள் நுழைகிறது. சி மொழியில் இதற்கு வரையறை இல்லை; என்ன நடக்கும் என்று மொழி எந்த உறுதியும் தருவதில்லை. முடிவை அன்சைன்டாக (எதிர்மறை இல்லாத எண்ணாக) காஸ்ட் செய்வது, அதாவது வகை மாற்றுவது, திருத்தமே அல்ல, ஷிஃப்ட் அதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. அந்த 1-ஏ அன்சைன்ட் என்று காட்ட, அதன் பின்னால் யூ (U) எழுத்தைச் சேர்க்க வேண்டும். அத்தோடு வேலை முடிந்தது என்று எல்லாக் கோப்புகளிலும் ஒரே மூச்சில் யூ ஒட்டியதுதான் இந்த ஆண்டின் பெரிய தவறு. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எக்ஸ்86 பேஜ் டேபிள் என்ட்ரி, அதாவது மெமரியின் ஒரு பக்கம் எங்கே இருக்கிறது, அதற்கு என்ன அனுமதி என்று சொல்லும் பதிவு, 64 பிட். எழுதும் அனுமதி பிட் 1-இல் இருக்கிறது. அதை நீக்க என்ட்ரியோடு ~(1 << 1) என்பதை ஆண்ட் செய்திருந்தார்கள் (இரண்டிலும் 1 உள்ள பிட் மட்டும் 1 ஆக நிற்கும்). 1 சைன்டாக இருக்கும்வரை அந்த மாஸ்க் (பிட்களை வடிகட்டும் எண்) ஒரு எதிர்மறை எண்; 64 பிட்டுக்கு விரியும்போது மேல் 32 பிட்டிலும் 1 நிரம்பும், ஒன்றும் கெடாது. யூ ஒட்டியதும் மாஸ்க் நேர் எண்ணாகிறது. விரியும்போது மேல் பாதி முழுக்க 0. ஆண்ட் செய்தால் என்ட்ரியின் மேல் பாதி அப்படியே அழிந்துபோகும். அங்கேதான் பிட் 63 இருக்கிறது, அந்தப் பக்கத்தில் உள்ளதை இயக்கக் கூடாது என்று சொல்லும் பிட். 4 ஜிபிக்கு மேற்பட்ட முகவரியின் பிட்களும் அங்கேதான். குறைந்த மெமரி உள்ள சோதனை மெஷினில் கர்னல் நன்றாகவே பூட் ஆனது. டேட்டா பக்கங்கள் மட்டும் சத்தமில்லாமல் இயங்கத்தக்கவையாகிவிட்டன. எச்சரிக்கையும் இல்லை, க்ராஷும் இல்லை. எச்சரிக்கை தந்த நிரலைத் திருத்தப் போய், ஒழுங்காக ஓடிய நிரலைக் கெடுத்தோம்.

இப்போது விதி இது: மாஸ்க்கின் அகலம், அது தொடும் மாறியின் அகலமாக இருக்க வேண்டும். 64-பிட் களத்துக்குத் தனி மேக்ரோ (பெயரிட்டு வைத்த சிறு நிரல் துண்டு). அதற்குள் 1-ஐ முதலில் 64-பிட் அன்சைன்டாக மாற்றி, பிறகுதான் ஷிஃப்ட். அசெம்பிளி கோப்புகளும் சேர்த்துக்கொள்ளும் ஹெடர் கோப்பில் வெறுமனே யூ போட்டால் சில அசெம்பிளர்கள் ஏற்காது. லினக்ஸில் இருப்பதைப்போல, சி கோப்பில் மட்டும் பின்னொட்டை ஒட்டும் மேக்ரோவை நாமும் வைத்தோம்.

ஷிஃப்ட் எண்ணிக்கை இன்னொரு வகை. கீழ் n பிட் மாஸ்க்கை (1 << n) − 1 என்று எழுதினால் n 32 ஆகும்போது வரையறை இல்லை. எக்ஸ்86 எண்ணிக்கையின் கடைசி 5 பிட்டை மட்டுமே பார்ப்பதால் விடை 0. ஆர்ம் கடைசி பைட் முழுவதையும் பார்ப்பதால் 32 பிட்டும் 1. ஆர்மில் எழுதிச் சோதித்தவருக்கு இது சரியென்றே தோன்றியிருக்கும். n 0 என்றால் 0, இல்லையேல் அன்சைன்ட் ~0-ஐ வலப்பக்கம் 32 − n இடம் தள்ளு என்று மாற்றினோம்.

நான்கு பைட்டைச் சேர்த்து ஒரு 32-பிட் எண் ஆக்கும் இடங்களிலும் இதே கதை. 8-பிட் அன்சைன்ட் மதிப்பு ஷிஃப்ட்டுக்கு முன் தானாகவே சைன்ட் இன்ட் ஆகிவிடும். பைட் 128 அல்லது அதற்கு மேல் என்றால் 24 இடம் தள்ளும்போது சைன் பிட்டில் இடிக்கும். ஒவ்வொரு பைட்டையும் தள்ளும் முன்னரே காஸ்ட் செய்யுங்கள். 16-பிட் பெருக்கலும் அப்படியே. 46341-ஐ அதனாலேயே பெருக்கினால் 2147488281. இன்ட்டின் உச்சம் 2147483647. இரண்டு பக்கமும் அன்சைன்ட் என்று நம்பியவர்கள் ஏமாந்த இடம் இது.

அலைன்மென்ட் எச்சரிக்கைகள் பெரும்பாலும் நெட்வொர்க் பகுதியிலிருந்து வந்தவை. ஈதர்நெட் ஹெடர் (நெட்வொர்க் பாக்கெட்டின் முகப்பு) 14 பைட். பஃபர் தொடக்கத்திலிருந்தே அது ஆரம்பித்தால் அடுத்து வரும் ஐபி ஹெடர் 4-இன் மடங்கில் அமையாது. பஃபரின் தொடக்கத்தில் 2 பைட் விட்டுவிடுவது பழைய, நல்ல வழி. அது முடியாத இடத்தில் பைட்களை நகலெடுக்கும் மெம்காப்பி ஃபங்ஷன். எக்ஸ்86-இல் ஓடுகிறதே என்ற வாதத்தை ஏற்கவில்லை: கம்பைலர் லூப்பை வெக்டராக்கி (பல எண்களை ஒரே கட்டளையில் கையாளும்படி மாற்றி), அலைன் ஆன முகவரியையே கேட்கும் கட்டளையைப் போட்டால் அங்கும் விழும். பழைய ஆர்ம் மெஷின்கள் சிலவற்றில் விழக்கூடச் செய்யாது. பைட்களைச் சுழற்றித் தப்பான எண்ணைக் கையில் கொடுக்கும்.

மெம்காப்பியிலும் இரண்டு கவனம். மூல பாயின்டர் (முகவரியை வைத்திருக்கும் மாறி) ஏற்கெனவே 32-பிட் எண்ணின் பாயின்டராக இருந்தால், முகவரி அலைன் ஆனது என்று கம்பைலர் நம்ப உரிமை உண்டு, மெம்காப்பி அதைக் காப்பாற்றாது. தொடக்கத்திலிருந்தே பைட் பாயின்டராக வர வேண்டும். அடுத்தது, வழக்கமான லைப்ரரி இல்லை என்று சொல்லும் ஃப்ரீஸ்டாண்டிங் ஃபிளாக்கோடு கம்பைல் செய்யும்போது மெம்காப்பி உண்மையான ஃபங்ஷன் அழைப்பாகவே நிற்கும். கம்பைலருக்குள்ளேயே இருக்கும் பில்டின் வடிவத்தைப் பெயர் சொல்லி அழைத்தால் ஒரே லோட் கட்டளையாகச் சுருங்கும். வேகம் போய்விட்டது என்று வந்த புகார்களுக்கு இதுதான் பதில்.

ஓவர்ஃப்ளோ சோதனைகளில், கூட்டிய பிறகு அ + ஆ < அ என்று பார்ப்பது சைன்டில் பயனற்றது. ஓவர்ஃப்ளோ நடக்காது என்று கொண்டு கம்பைலர் சோதனையையே மாற்றிவிடலாம். 2015-இல் வந்த ஜிசிசி 5 முதல் பில்டின் சோதனை உண்டு, சி23-இல் அதுவே ஹெடராகியிருக்கிறது. பழைய கம்பைலருக்கு, ஆ நேர் எண்ணாக இருக்கும்போது அ, உச்சம் − ஆ-வை விடப் பெரிதா என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும். நேரத் துடிப்புகளை எண்ணும் டிக் கவுன்டரை 32-பிட் அன்சைன்டாகவே வைத்து, கழித்த விடையைச் சைன்டாகப் பார்த்து ஒப்பிடுகிறோம். நொடிக்கு 1000 டிக் என்றால் 49.7 நாளில் அது உச்சம் தாண்டி மீண்டும் 0-க்குச் சுற்றிவரும். அதுவரை காத்திருக்க முடியாதென்பதால், லினக்ஸ் செய்வதுபோல் பூட் ஆன 5 நிமிடத்தில் சுற்றும்படி தொடக்க மதிப்பை அமைத்தோம்.

எல்லாவற்றுக்கும், சைன்ட் ஓவர்ஃப்ளோவைச் சுற்றிவருவதாகவே கொள் என்று கம்பைலரிடம் சொல்லும் எஃப்ராப்வி (-fwrapv) ஃபிளாக் போட்டுவிடலாமே என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேள்வி வந்தது. பாதுகாப்புக்கு வைத்திருக்கிறோம். லினக்ஸும் இத்தகைய ஃபிளாக்குகளை வைத்தே ஓடுகிறது. 2009-இல் அதன் டன் (TUN) என்ற நெட்வொர்க் டிரைவரில், பாயின்டரைப் பயன்படுத்திய பிறகு வந்த, அது வெற்றுப் பாயின்டரா (NULL) என்ற சோதனையை ஜிசிசி தூக்கியெறிந்ததால் ஒரு பாதுகாப்பு ஓட்டை திறந்தது. அதன் பின் அதற்கும் ஒரு ஃபிளாக் சேர்ந்தது. ஆனால் ஃபிளாக் இருப்பது மேக்ஃபைலில் (கம்பைல் செய்யும் விதிகள் உள்ள தனிக் கோப்பு). கோப்பை வேறொருவர் எடுத்துப்போனால் மேக்ஃபைல் கூடப் போகாது. மேலும் எஃப்ராப்வி ஷிஃப்ட் எண்ணிக்கைக்கும் அலைன்மென்ட்டுக்கும் உதவாது.

நிலுவையில் உள்ளவை: ஒரே உறுப்புள்ள அரேயைக் கட்டமைப்பின் கடைசியில் வைத்த இடங்கள். அளவில்லா அரேயாக மாற்றினால் கட்டமைப்பின் சைஸ் குறையும். N − 1 என்று மெமரி ஒதுக்கிய ஒவ்வொரு வரியையும் உடன் மாற்ற வேண்டும். டிஸ்க்கில் எழுதப்படும் கட்டமைப்புகளை அதனால் இன்னும் தொடவில்லை. அவற்றைக் கையாளும் ஃபங்ஷன்களில் யூபிசானை நிறுத்தி, மேலே காரணத்தைக் கமென்ட்டாக எழுதியிருக்கிறோம். காரணம் எழுதாமல் நிறுத்தியவை ஏதேனும் கண்ணில் பட்டால் செயற்குழுவிடம் சொல்லவும்.

இப்படிக்கு,
செயலாளர்