ஸ்ட்ரிக்ட் மோட் வேலை செய்கிறதா என்று யார் பார்ப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினித் துறை மாணவர்களுக்காகத் தங்கள் கல்வி இணைப்பில் வந்த கட்டுரையில், ஷெல் ஸ்கிரிப்ட் (கணினிக்கான கட்டளைகளை வரிசையாக எழுதிவைக்கும் கோப்பு) எழுதுகிறவர்கள் தொடக்கத்திலேயே 'ஸ்ட்ரிக்ட் மோட்' வரியைச் சேர்த்துவிட்டால் வழக்கமான பிழைகளைக் கணினியே பிடித்துவிடும் என்று எழுதப்பட்டிருந்தது. நல்ல அறிவுரைதான். ஆனால் அதே வரியை நிரலைத் தொகுத்துச் சோதிக்கும் வேலைகளைத் தானாகச் செய்யும் ஒரு பில்ட் கருவிக்குள் எழுதும்போது, அது வேலை செய்கிறதா என்று வேண்டுமென்றே ஒரு பிழையை வைத்துப் பார்க்காமல் நம்பக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். 15 ஆண்டுகளாக மென்பொருள் பரிசோதனையில் இருக்கும் நான், இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த வரி மூன்று காரியங்களைச் செய்கிறது. ஏதேனும் ஒரு கட்டளை தோற்றால் ஸ்கிரிப்ட்டை அங்கேயே நிறுத்துகிறது. மதிப்பே கொடுக்கப்படாத மாறியை (வேரியபிள்) பயன்படுத்தினால் பிழை என்கிறது. ஒன்றின் வெளியீட்டை அடுத்ததற்கு அனுப்பும் பைப் வழியாகக் கோத்த கட்டளைகளில் எது தோற்றாலும் மொத்தமும் தோல்வி என்று கொள்கிறது. இந்த மூன்றும் இல்லாவிட்டால், கட்டளைகளை ஓட்டும் ஷெல் எதையும் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போய்விடும்.

எங்கள் அலுவலகத்தில் இன்றும் மேக் என்ற பில்ட் கருவியைத்தான் பயன்படுத்துகிறோம். 1976-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் உருவாக்கிய கருவியின் வழிவந்த குனு மேக் அது. மேக் செய்ய வேண்டியவற்றை எழுதிவைக்கும் எங்கள் மேக்ஃபைலில், சோதனைகளை ஓட்டும் பகுதியின் முதல் வரி ஸ்ட்ரிக்ட் மோட். இரண்டாம் வரி, சோதனை நிரலை ஓட்டி, அதன் வெளியீட்டை, திரையிலும் கோப்பிலும் ஒருசேர எழுதும் 'டீ' கட்டளைக்குப் பைப் செய்து லாக் கோப்பில் சேமிப்பது. எல்லாம் முறைப்படி இருப்பதாகவே நினைத்திருந்தோம். ஒருநாள், சோதனை நிரல் இருந்த இடத்தில் 'ஃபால்ஸ்' என்ற கட்டளையைப் போட்டுப் பார்த்தேன். தோற்பதைத் தவிர அந்தக் கட்டளைக்கு வேறு வேலையே கிடையாது. பில்ட் வெற்றி என்று பச்சை நிறத்தில் வந்து நின்றது.

காரணம் எளியது. மேக் ஒவ்வொரு வரியையும் தனித்தனி ஷெல்லில் ஓட்டுகிறது. முதல் வரிக்காகத் திறந்த ஷெல், ஸ்ட்ரிக்ட் மோடுக்கு மாறிய மறுகணமே மூடிவிட்டது. இரண்டாம் வரிக்கு வந்த புதிய ஷெல்லுக்கு அந்தச் சங்கதியே தெரியாது. பைப்பின் கடைசியில் இருந்த 'டீ' வெற்றி பெற்றதால் முழு வரியும் வெற்றி என்று கணக்காகிவிட்டது. அதற்கு முன் எத்தனை நாள் எங்கள் சோதனைகள் தோற்றும் பச்சை விளக்கு எரிந்ததோ, அதை எண்ணிப் பார்க்க எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை.

இதற்குத் தீர்வாக, எல்லா வரிகளுக்கும் பொதுவாக ஷெல்லுக்கு (ஸ்ட்ரிக்ட் மோட் போன்ற) என்னென்ன விருப்பங்களைக் கொடுக்க வேண்டும் என்று மேக்ஃபைலின் தலைப்பகுதியிலேயே எழுதிவிடலாம். ஆனால் அந்த வசதி குனு மேக்கின் 2010-இல் வெளிவந்த 3.82 பதிப்பிலிருந்துதான் உண்டு. ஆப்பிள் கணினிகளோடு நெடுங்காலமாக வருவதோ 2006-ஐச் சேர்ந்த 3.81, அது அந்த வரியைப் பார்த்து எந்தப் புகாரும் சொல்லாமல் கடந்து போய்விடுகிறது. ஆகவே ஒரு கணினியில் பிழையைப் பிடிக்கும் அதே மேக்ஃபைல், பக்கத்து மேசையில் உள்ள கணினியில் பிடிக்காமல் விடலாம்.

விருப்பங்கள் சரியாகப் போய்ச் சேர்ந்தாலும் எல்லாப் பிழையும் சிக்கிவிடாது. 2015 ஜனவரியில் வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் என்ற கணினி விளையாட்டு மென்பொருளுடைய லினக்ஸ் ஸ்கிரிப்ட், தன் கோப்புறையைக் கண்டுபிடிக்க முடியாதபோது, ஒரு பயனரின் கோப்புகளை வெளிவட்டில் இருந்தவை உட்பட அழித்துவிட்டது. கோப்புறையின் பெயரைத் தாங்க வேண்டிய மாறி வெறுமையாகிவிட, அதன் கீழ் உள்ள எல்லாவற்றையும் அழி என்ற கட்டளை, கணினியின் எல்லாக் கோப்புகளையும் தாங்கும் வேர்க் கோப்புறையின் கீழ் உள்ள எல்லாவற்றையும் அழி என்று மாறிவிட்டது. அந்த வரிக்கு மேலே 'பயமாக இருக்கிறது' என்ற பொருளில் ஒரு குறிப்பு வேறு இருந்தது. மதிப்பில்லாத மாறியைப் பிடிக்கும் விருப்பம் இதைத் தடுத்திருக்காது; ஏனெனில் மாறிக்கு மதிப்பு கொடுக்கப்பட்டிருந்தது, அந்த மதிப்புதான் ஓர் எழுத்தும் இல்லாத வெற்றுச்சரம். தோல்வியில் நிறுத்தும் விருப்பம் தடுத்திருக்கும். ஆனால் மாறிக்கு மதிப்பு கொடுக்கும் வரியை ஒரு ஃபங்ஷனுக்குள் 'லோக்கல்' என்ற சொல்லோடு சேர்த்து எழுதியிருந்தால் அதுவும் தடுத்திருக்காது. லோக்கல் என்பதே ஒரு கட்டளை. அது வெற்றி பெற்று, உள்ளே நடந்த தோல்வியை மறைத்துவிடும். ஸ்கிரிப்ட்டை ஓட்டாமலே படித்துப் பிழை காட்டும் ஷெல்செக் போன்ற கருவிகள் இந்த இரண்டு இடங்களையும் முன்கூட்டியே சுட்டிக்காட்டுகின்றன என்பதை மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

இப்போது எங்களிடம் ஒரு சிறு கோப்புறை இருக்கிறது. அதில் உள்ள ஒவ்வொரு மேக்ஃபைலிலும் ஒரே ஒரு பிழை வைத்திருக்கிறோம்: பைப்பின் நடுவே தோல்வி, எழுத்துப்பிழையான மாறிப்பெயர், இரண்டு டாலர் குறி போட வேண்டிய இடத்தில் ஒன்று. கடைசியில் சொன்னது வேடிக்கையானது. ஷெல்லின் 'பில்ட்' என்ற மாறியை ஒற்றை டாலரோடு எழுதினால், மேக் அதன் முதல் எழுத்தை மட்டும் மாறியாகக் கொண்டு, மிச்ச எழுத்துகளை அப்படியே ஷெல்லுக்கு அனுப்பிவிடும். இதற்கு மேக் தருவது வெறும் எச்சரிக்கைதான், அதுவும் கேட்டால்தான் தரும். ஆகவே அந்த எச்சரிக்கை வருகிறதா என்று வெளியீட்டில் தேடிப் பார்க்கிறோம். ஒவ்வொரு கணினியிலும் இவை அத்தனையும் பிடிபட வேண்டும். ஒன்று தப்பினாலும் அன்றைய பில்ட்டை வெளியே விடுவதில்லை.

ஸ்ட்ரிக்ட் மோட் சரியானதையும் தடுத்துவிடுகிறதா என்று பார்க்க, பிழையே இல்லாத மேக்ஃபைல் ஒன்றையும் அதே கோப்புறையில் வைத்திருக்கிறோம். உதாரணமாக, கோப்பில் சொல்லைத் தேடும் 'கிரெப்' கட்டளை, அந்தச் சொல் கிடைக்காவிட்டால் தோல்வி என்று திரும்பும். இதனால் நியாயமான ஸ்கிரிப்ட்டும் நின்றுபோகும். எரிச்சலடைந்தவர்கள் வரிக்கு வரி 'தோற்றாலும் பரவாயில்லை' என்று சேர்க்கத் தொடங்கினால், ஸ்ட்ரிக்ட் மோட் இருந்தும் இல்லாததுபோல ஆகிவிடும்.

அடுத்த இணைப்பில் இதைப் பற்றி ஒரு பெட்டிச் செய்தியாவது வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மாணவர்கள் தங்கள் மேக்ஃபைலில் ஓரிடத்தில் 'ஃபால்ஸ்' என்று எழுதி ஓட்டிப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

இப்படிக்கு,
மென்பொருள் பரிசோதகர் ஒருவர்,
கோயம்புத்தூர்.