றிமோட் ஸ்ராட்டர் பூட்டுறவை பொனற் சுவிச்சையும் பூட்டி விடுங்கோ

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு வணக்கம்,

உங்கட பேப்பரை நான் கிழமைக்குக் கிழமை தமிழ்க் கடைக்கு பாண் வாங்கப் போகேக்க எடுத்துக்கொண்டு வாறனான், பதினெட்டு வருசமா வாசிக்கிறன், ஆனா கடிதம் எழுதுறது இதுதான் முதல் தரம். ஒக்ரோபர் பிறந்தா உங்கட விளம்பரப் பக்கம் முழுக்க விண்டர் ரயரும் றிமோட் ஸ்ராட்டரும் (வீட்டுக்குள்ள இருந்தே வாகனத்தை ஸ்ராட் பண்ணுற சாமான்) தான், எங்கட சனம் அதைப் பாத்துத்தான் போன் அடிக்குது, நானும் அப்பிடிப் பாத்துத்தான் அடிச்சனான். அதால இந்த விசயத்தை குளிர் துவங்க முந்தி உங்கட பேப்பரிலயே சொல்லவேணும் எண்டு எழுதுறன், கொஞ்சம் நீளமா வந்தாலும் வெட்டாமல் போடுங்கோ.

நான் ட்ரைவால் வேலை, அதுதான் வீட்டுக்குள்ள சுவர்ப் பலகை அடிக்கிற வேலை, செய்யிறனான். வீடு ரொறன்ரோ ஸ்காபரோவில, சைட் ஒருநாள் ஓஷவாவில இருக்கும் மற்ற நாள் மில்ட்டனில இருக்கும், எங்க எண்டாலும் விடிய அஞ்சு மணிக்கு வெளிக்கிட்டாத்தான் ட்ராஃபிக்குக்கு முந்தி போய்ச் சேரலாம். என்னட்ட இருக்கிறது 2016 ஃபோர்ட் எஃப்-150 எக்ஸ்எல், 5 லீற்றர் என்ஜின், வேலைக்கெண்டே வாற மொடல், அதில றிமோட் ஸ்ராட் வரேல்லை. கராஜுக்குள்ள ட்ரக் போகாது, டிரைவ்வேயிலதான் நிக்கும். ஜனவரியில மைனஸ் 20 போகேக்க கண்ணாடியில பனி கல்லு மாதிரி இறுகிப் போயிருக்கும், சுரண்டிச் சுரண்டி விரல் விறைச்சு, வேலைக்குப் போக முந்தியே கை வேலைக்கு உதவாமல் போயிடும். சிலபேர் கண்ணாடியில ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓட்டை சுரண்டிப்போட்டு அதுக்குள்ளால பாத்துக்கொண்டு 401 ஹைவேயில ஏறுகினம், அது பிழை, சட்டப்படியும் பிழை, ரோட்டுக் கடக்கிற சனத்துக்கும் ஆபத்து. பெற்றறியும் குளிருக்கு நல்லா இளைச்சுப்போகும், பெற்றறியில CCA எண்டு ஒரு நம்பர் போட்டிருக்கும் பாருங்கோ, அது மைனஸ் 18ல அது எவ்வளவு கறன்ட் குடுக்கும் எண்ட கணக்கு. அதால றிமோட் ஸ்ராட்டை ஆடம்பரச் சாமான் எண்டு நான் சொல்லமாட்டன், எங்களைப் போல வெளி வேலை செய்யிற ஆக்களுக்கும் நைட் ஷிஃப்ட் முடிஞ்சு தனிய பார்க்கிங்குக்கு நடந்து வாற பொம்பிளையளுக்கும் அது தேவையான சாமான்தான்.

இனி நடந்ததைச் சொல்லுறன். நாலு வருசத்துக்கு முந்தி ஒரு பிளாசாவுக்குப் பின்னால இருக்கிற கடை ஒண்டில குடுத்துப் பூட்டினனான். கடையின்ர பேரை எழுதேல்லை, இது ஒரு ஆளை அடிக்கிறதுக்கு எழுதுற கடிதம் இல்லை. டீலரிட்ட கேட்டதில பாதிக் காசுதான் கேட்டவை, ரெண்டு திறப்பையும் தாங்கோ புரோகிராம் பண்ணவேணும் எண்டு வாங்கினவை, ஒண்டரை மணித்தியாலத்தில வேலை முடிஞ்சுது. திருப்பித் தரேக்க ஒரு திறப்புத்தான் கையில தந்தவை, மற்றது "உள்ளுக்க இருக்கு அண்ணை, அது இல்லாட்டி வேலை செய்யாது" எண்டவை, நானும் என்ன ஏது எண்டு கேட்கேல்லை. றிமோட்டை அமத்தினா வீட்டுக்குள்ள இருந்தே ட்ரக் ஸ்ராட் ஆகுது, லைட் மின்னுது, மனிசிக்கும் பிள்ளையளுக்கும் சந்தோசம்.

மூண்டு மாசம் ஒரு பிரச்சினையும் இல்லை. பெப்ரவரியில ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிய ஒயில் பாப்பம் எண்டு பொனற்றை, அதுதான் என்ஜின் மூடியை, திறந்தனான். இஞ்ச பிறந்த பிள்ளையளுக்கு ஹூட் எண்டு சொன்னாத்தான் விளங்கும். நான் ஒயில் கம்பியை இழுத்துத் துடைச்சுப்போட்டு, வொஷர் தண்ணி மூடிக்குப் பக்கத்தில ஏதோ பிளாஸ்ரிக் துண்டு விழுந்து கிடந்ததை எடுப்பம் எண்டு கையை உள்ள விட்டன், கையில வேலைக்குப் போடுற தொளதொளத்த கையுறை. அப்ப 14 வயசு மகன் மேல் ஜன்னலால பாத்திருக்கிறான், அப்பா குளிருக்குள்ள நிக்கிறார், ட்ரக்கைச் சூடாக்கி விடுவம் எண்டு நல்லெண்ணத்தில றிமோட்டை அமத்திப்போட்டான். என்ர முகத்துக்கு முன்னால என்ஜின் உறுமிக்கொண்டு எழும்பிச்சுது. கையுறையின்ர சின்னவிரல் பக்கத்தை பெல்ட் பிடிச்சு இழுத்துது, நான் பின்னுக்குப் பாய்ஞ்சன், கையுறை கழண்டு உள்ளுக்க போய் கிழிஞ்சு ரப்பர் எரியிற மணம் வந்தது. கடவுளே எண்டு கை தப்பிச்சுது. மோதிரவிரல் நகம் ஒண்டு கறுத்து பிறகு விழுந்தது, அவ்வளவுதான். கையுறை எனக்கு அளவான இறுக்கமான கையுறையா இருந்திருந்தா கழண்டிருக்காது, விரல் போயிருக்கும். மகன் கீழ ஓடிவந்து நிண்ட கோலத்தை என்னால இண்டைக்கும் மறக்கேலாது, பிள்ளை வாயே திறக்கேல்லை, நடுங்கிக்கொண்டு நிண்டான்.

அடுத்த நாள் வேற ஒரு ஆளிட்ட கொண்டுபோனன், 20 வருசத்துக்கு மேல இந்த வேலை செய்யிற ஒரு அண்ணை. அவர் ஸ்ரியறிங்குக்குக் கீழ இருக்கிற பிளாஸ்ரிக்கைக் கழட்டிப்போட்டு என்னைக் கூப்பிட்டு லைற் அடிச்சுக் காட்டினவர். றிமோட் ஸ்ராட் பெட்டியில இருந்து பொனற்றுக்குப் போகவேண்டிய வயர் சுருட்டி ரேப் ஒட்டி அப்பிடியே கிடக்கு. அந்தப் பெட்டியோட வாற சின்ன சுவிச் ஒண்டு இருக்கு, பொனற்றின்ர ஓரத்தில பூட்டுறது, பொனற் திறந்திருந்தா என்ஜின் ஸ்ராட் ஆக விடாது. என்ர ட்ரக்கில அதைப் பூட்டவே இல்லை! என்ஜினுக்கும் ஆக்கள் இருக்கிற இடத்துக்கும் நடுவில இருக்கிற தகட்டுக்குள்ளால (ஃபயர்வோல்) ஒரு வயரை வெளிய எடுக்கவேணும், ஒரு ஓட்டை போடவேணும், அந்த அரை மணித்தியால வேலையை மிச்சம் பிடிச்சிருக்கினம். மற்ற வயருகளும் வெட்டி ஒட்டி ஈயம் வைக்கேல்லை, பல்லுக் கடிக்கிற மாதிரியான மலிவு கிளிப்தான் போட்டுக் கிடந்தது, அது உப்பும் ஈரமும் பட்டா ரெண்டு மூண்டு விண்டருக்குள்ள பச்சை பிடிச்சுப் போயிடும் எண்டு சொன்னவர்.

அதோட இன்னொண்டு. டாஷ்போர்டுக்குப் பின்னால ரேப் சுத்தின ஒரு கறுப்புப் பெட்டி, அதுக்குள்ள என்ர ரெண்டாவது திறப்பு. 2007 செப்ரெம்பர் 1ல இருந்து கனடாவில விக்கிற புதுக் கார், சின்ன ட்ரக் எல்லாத்திலயும் இம்மொபிலைசர் இருக்கவேணும் எண்டு சட்டம், திறப்புக்குள்ள இருக்கிற சிப்பை வாகனம் அடையாளம் கண்டாத்தான் என்ஜின் ஓடும். றிமோட்டால ஸ்ராட் பண்ணேக்க திறப்பு அங்க இல்லைத்தானே, அதை ஏமாத்துறதுக்கு முந்தின காலத்தில உண்மையான திறப்பு ஒண்டையே உள்ளுக்க ஒளிச்சு வைக்கிறவை. இப்ப அதுக்குத் தேவை இல்லை, வாகனத்தின்ர கொம்பியூட்டரோட கதைக்கிற சின்ன மொடியூல் இருக்கு, ஃபோர்ட்டின் (Fortin), ஐடேட்டாலிங்க் (iDatalink) எண்டு மொன்றியல் கொம்பனிகளே செய்யினம். மலிவுக்காக என்ர திறப்பையே என்ர ட்ரக்குக்குள்ள வைச்சு, கண்ணாடியை உடைக்கிற கள்ளனுக்கு வடிவா எடுத்துக் குடுத்த மாதிரித்தான் வைச்சிருக்கினம். 2022ல கனடாவில ஆகக் கூடக் களவுபோன வாகனங்களின்ர பட்டியலில ராம் 1500உம் எஃப்-150உம் முதல் அஞ்சுக்குள்ள வந்தது. நாளைக்கு ட்ரக் காணாமப்போனா இன்சூரன்ஸ்காரன் ரெண்டு திறப்பையும் கொண்டுவா எண்டு கேட்டா நான் என்னத்தைக் காட்டுறது.

அந்த அண்ணை எல்லாத்தையும் கழட்டிப்போட்டு மொடியூல் போட்டு, வயரை வெட்டாமல் செருகுற வயர்க் கட்டு (ஹார்னஸ்) வைச்சு, பொனற் சுவிச் பூட்டி ஒழுங்கா செய்து தந்தவர். பிறகு என்னையே நிப்பாட்டிச் சோதிக்க வைச்சவர், இதைத்தான் எல்லாரும் கடையில செய்யவேணும். பொனற்றைத் திறந்து வைச்சுக்கொண்டு றிமோட்டை அமத்துங்கோ, ஸ்ராட் ஆகக்கூடாது. பொனற்றைச் சாத்தி, றிமோட்டால ஓடவிட்டிட்டு பொனற்றைத் திறந்தா உடன நிக்கவேணும். திறப்புப் போடாமல் பிறேக்கை மிதிச்சாலும் நிக்கவேணும், கியர் பார்க்கில இல்லாட்டி ஸ்ராட்டே ஆகக்கூடாது. இதில ஒண்டு பிழைச்சாலும் காசு குடுக்காதேங்கோ. ஒரு விண்டருக்கு ஒருக்கா திரும்பிச் சோதிக்கவும் வேணும், ஏன் எண்டால் ரோட்டுக்குப் போடுற உப்பு அந்தச் சுவிச்சில போய்க் கறள் பிடிச்சா பொனற் திறந்திருக்கு எண்ட செய்தியே உள்ளுக்குப் போகாது, பெட்டி சாத்தியிருக்கு எண்டு நினைச்சு ஸ்ராட் பண்ணிப்போடும்.

டீசல் ட்ரக் வைச்சிருக்கிற ஆக்கள் இன்னும் கவனம், என்ஜினுக்குள்ள சூடாக்கிற குளோ பிளக் சூடாக முந்தி கிராங் பண்ணாமல் பொறுத்து ஸ்ராட் பண்ணுற மாதிரி செட் பண்ணித் தாறாங்களோ எண்டு கேளுங்கோ.

புது ட்ரக் எடுக்கிற ஆக்களுக்கு நான் சொல்லுறது, கொம்பனி றிமோட் ஸ்ராட்டோட வாறதையே எடுங்கோ. கொஞ்சக் காசு கூடத்தான், ஆனா சுவிச்சில இருந்து எல்லாம் கொம்பனியே பூட்டி வருது, எஃப்-150ல 5, 10, 15 நிமிசம் எண்டு ஓடுற நேரத்தையும் செட் பண்ணலாம். வாங்கின பிறகும் கன ட்ரக்குகளுக்கு டீலரிட்ட அக்செஸரியா எடுக்கலாம், சுவிச்சையும் புதுத் திறப்பையும் தந்து கொம்பியூட்டரில திறந்து விடுவினம். கொம்பனித் திறப்பின்ர குறை தூரம்தான். வீட்டுக்கு முன்னால நிண்டா சரி, பெரிய வேலைத்தளத்தில அடுத்த மூலையில நிண்டா வேலை செய்யாது, அதுக்குத்தான் வேற கொம்பனி செய்யிற வெளிச் சாமான் போடுறவை, அது நல்லாவே தூரம் போகும், ஸ்ராட் ஆகிட்டுது எண்டு கையில திருப்பிச் சொல்லுற றிமோட்டும் இருக்கு. வெளிச் சாமான் பிழை எண்டு நான் சொல்ல வரேல்லை, பூட்டுற கைதான் முக்கியம்.

இன்னொரு விசயம் எழுதாமல் விட்டா எனக்கு நித்திரை வராது. எங்கட ஆக்கள் மார்க்கம், ஏஜாக்ஸ், பிறம்டன் பக்கம் வாங்குற வீடுகளில கராஜ் வீட்டோட ஒட்டித்தான் இருக்கு, அதுக்கு மேல ஒரு படுக்கை அறை, கனபேரின்ர வீட்டில அதில அம்மா அப்பா படுக்கினம் இல்லாட்டிப் பிள்ளையள் படுக்குதுகள். கராஜுக்குள்ள விட்ட வாகனத்தை றிமோட்டால ஸ்ராட் பண்ணாதேங்கோ, கதவைத் திறந்து விட்டிட்டும் பண்ணாதேங்கோ. பொக்கெற்றுக்குள்ள கிடந்த றிமோட் தெரியாமல் அமத்துப்பட்டாலும் என்ஜின் ஓடும், புகையில வாற காபன் மொனொக்சைட் எண்ட நச்சுவாயுவுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை. ஒன்ராறியோவில 2014 ஒக்ரோபரில இருந்து ஒட்டின கராஜ் உள்ள வீட்டில படுக்கிற இடத்துக்குக் கிட்ட அதுக்கான அலாரம் இருக்கவேணும் எண்டு சட்டம், பெற்றறி செத்துப்போய் லாச்சிக்குள்ள கிடக்கிற அலாரம் எத்தினை வீட்டில எண்டு போய்ப் பாருங்கோ. வாகனத்தை கராஜுக்குள்ள விடுறவை றிமோட் ஸ்ராட்டை வலே மோடில போட்டு விட்டா அது வேலை செய்யாது, எப்பிடிப் போடுறது எண்டு பூட்டுறவரிட்டக் கேட்டு வைச்சிருங்கோ.

கன நேரம் ஓட விடுறதிலயும் பிரயோசனம் இல்லை. இப்பத்தைய என்ஜினுக்கு ரெண்டு மூண்டு நிமிசம் காணும் எண்டு அரசாங்கத்தின்ர இயற்கை வளத்துறையே சொல்லுது, பிறகு மெல்லமா ஓடிச் சூடாக்கவேணும். என்ர 5 லீற்றர் என்ஜின் பத்து நிமிசம் சும்மா நிண்டா கிட்டத்தட்ட அரை லீற்றர் எரிக்கும். ரொறன்ரோ நகரத்தில மணித்தியாலத்துக்கு ஒரு நிமிசத்துக்கு மேல சும்மா ஓடவிடக்கூடாது எண்டு சட்டமும் இருக்கு. நான் 5 நிமிசத்தில செட் பண்ணி வைச்சிருக்கிறன், அது அந்தச் சட்டத்தைவிடக் கூடத்தான், கண்ணாடியில இருக்கிற பனிக்கட்டி இளகிற அளவுக்கு அது காணும், மிச்சத்தைக் கையால சுரண்டுறன். எட்மன்டனில இருக்கிற என்ர மச்சானுக்கு அது காணாது, மைனஸ் 30ல அவர் இரவே என்ஜினைக் கரண்டால சூடாக்கிற புளொக் ஹீற்றரை ரைமரில செருகிப்போட்டுத்தான் படுக்கிறவர், றிமோட் ஸ்ராட் இருந்தாலும் அதை விடமாட்டார், அதுதான் சரியும்.

ஐயா, உங்களிட்ட ஒரு வேண்டுகோள். றிமோட் ஸ்ராட்டர் விளம்பரம் போடுற கடைகளிட்ட "பொனற் சுவிச் பூட்டித் தாறம், திறப்பை உள்ளுக்க வைக்கமாட்டம்" எண்ட ரெண்டு வரியையும் விளம்பரத்தில சேர்க்கச் சொல்லிக் கேளுங்கோ. ஒழுங்கா வேலை செய்யிற எங்கட தமிழ்க் கடைக்காரர் கனபேர் இருக்கினம், அவைக்கு அது நன்மைதான், விலை ஏன் கூட எண்டு சனத்துக்கும் விளங்கும். வாசகர்களும் பில்லில அந்த ரெண்டையும் எழுத்தில வாங்குங்கோ. என்ர ட்ரக்கில அந்த அண்ணை பூட்டின சுவிச்சுக்கு அவர் எடுத்தது 18 டொலர்.

மகன் அதுக்குப் பிறகு ஒரு வருசம் அந்த றிமோட்டைத் தொடேல்லை. இப்ப அவனுக்கு 18 வயசு, போன நவம்பரில முதல் ஸ்னோ கொட்டின அண்டு தானே போய் பொனற்றைத் திறந்து வைச்சிட்டு, என்னைத் தள்ளி நிக்கச் சொல்லிப்போட்டு, றிமோட்டை அமத்திப் பாத்தவன். ட்ரக் ஸ்ராட் ஆகேல்லை.

இப்படிக்கு,
ஸ்காபரோவில இருந்து ஒரு ட்ரைவால் தொழிலாளி