கிணற்றடி வரை

அன்பு மச்சான்,

நாங்கள் நலம். நீயும் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கடிதம் வந்து மூன்று கிழமையாகிவிட்டது. பெரும்போக அறுவடை, அது முடிய நெல்லைக் காயவைத்து மூடை கட்டுகிற வேலை என்று கை ஓயவில்லை. குளத்தில் இன்னும் தண்ணீர் நிற்கிறது, சிறுபோகமும் செய்யலாம் போலிருக்கிறது.

நீ கேட்ட விசயத்துக்கு வருகிறேன். ரொறன்ரோவில் உனக்குப் பழக்கமான இளம் ஓவியர்கள் சிலர் சூம் வழியாக வன்னிச் சனத்தோடு கதைக்க விரும்புகிறார்கள், எங்கள் சனசமூக நிலையத்தில் அதை ஒழுங்கு செய்யலாமா, ஆட்கள் வருவார்களா என்று கேட்டிருந்தாய். வருவார்கள் மச்சான். ஆனால் எப்படி வைத்தால் இருப்பார்கள், எப்படி வைத்தால் பாதியில் எழுந்து போவார்கள் என்பதை இரண்டு முறை பார்த்துவிட்டேன். அதுதான் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

முதல் முறை, போன வருடம். வெளியிலிருந்து ஓர் அமைப்பு கேட்டது, சந்தோசமாக ஒத்துக்கொண்டோம். பள்ளிக்கூடத்தில் புரொஜெக்டர் இரவல் வாங்கி, வெள்ளை வேட்டியை இரண்டு தடியில் இழுத்துக் கட்டி, நாற்பது கதிரை போட்டோம். முப்பது பேருக்கு மேல் வந்தார்கள். ஒன்றரை மணித்தியாலம் முழுக்க ஆங்கிலத்தில் போனது. கடைசிப் பத்து நிமிடம் ஒருவர் தமிழில் சுருக்கம் சொன்னார். கேள்வி இருந்தால் சாட்டில் எழுதச் சொன்னார்கள். ஆச்சிமார் எங்கே போய் எழுதுவது? எனக்குப் பக்கத்தில் இருந்த கடற்றொழில் செய்கிற அண்ணை, "வெள்ளன எழும்பவேணும் மாஸ்ரர்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு எழுந்து போனார். அவர் முகத்தில் கோபம் இல்லை. கூட்டி வந்தவன் நான் என்பதால் எனக்குத்தான் அன்றிரவு நித்திரை வரவில்லை.

சனத்துக்குச் சமகாலக் கலை விளங்காது என்று அதற்குப் பிறகு இரண்டு பேர் சொன்னார்கள். நான் அதை ஒத்துக்கொள்ளவே மாட்டேன். 2004 உனக்கு ஞாபகம் இருக்குத்தானே? சமாதான காலம், யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதி திறந்திருந்தது. முகமாலைச் சோதனைச்சாவடியில் பையைத் திறந்து காட்டி இறங்கி ஏறி, யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் நடந்த கண்காட்சிக்குப் போனோமே. யாழ்ப்பாணத்து ஓவியர் சனாதனன் சனங்களின் வீடுகளிலிருந்து சேர்த்த பொருட்களை அங்கே வைத்திருந்தார். ஓவியம் பார்க்கப் போன நாங்கள் ஆட்களின் வீட்டுச் சாமான்களுக்கு முன்னால் வாயடைத்து நின்றோம். 1981இல் எரிந்த கட்டடத்துக்குள், இப்படி மிஞ்சிய பொருட்கள். யாரும் வந்து எங்களுக்கு விளக்கம் சொல்லவில்லை. நீ திரும்பி வருகிற பஸ்ஸில் முகமாலை வரைக்கும் ஒரு சொல்லும் கதைக்கவில்லை.

கொழும்பில் 2019 டிசம்பரில் நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம் திறந்தார்கள். மூன்று மொழியிலும் நடத்துகிறார்கள், அது பெரிய விசயம். ஆனால் புதுக்குடியிருப்பிலிருந்து கொழும்புக்குப் போய்வருவதென்றால் கூலிக்குப் போகிற ஒருவருக்கு இரண்டு நாள் சம்பளம் போகும், பஸ் காசு வேறு. அதனால்தான் கொரோனா ஊரடங்குக் காலத்தில் கண்காட்சியும் கலந்துரையாடலும் போனுக்குள் வரத் தொடங்கியபோது, இது எங்களைப் போன்ற ஊர்களுக்குத் திறந்த வாசல் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு தனித்தனியாகப் பார்த்தால் மட்டும் அது சரிவராது. ஒரு மண்டபத்தில் ஒன்றாக இருந்து, பக்கத்தில் இருப்பவரோடு கதைத்துக்கொண்டு பார்க்கவேண்டும்.

இரண்டாவது முறை இந்த மார்கழியில். மட்டக்களப்பிலிருந்து ஓர் இளம் ஓவியர், பெண்பிள்ளை. துணியில் நூலால் தைத்துப் படம் செய்கிறவள். ஒரு கிழமைக்கு முன்பே நான்கு படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். அதை வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்டி, பார்த்தவர்கள் சொன்னதைக் குரலாகவே பதிந்து அவளுக்கு அனுப்பினேன். அதனால் அன்று அவள் எங்களைத் தெரிந்தவள் போல வந்து இருந்தாள். "நூல் இழுத்த இடத்தில துணி சுருங்கிக் கிடக்கு எண்டு சொன்ன அம்மா ஆர்?" என்றுதான் தொடங்கினாள். அந்த அம்மா தையல்காரி. கூச்சத்தோடு கை தூக்கினா. அதற்குப் பிறகு கூட்டம் எங்களுடையதாகிவிட்டது.

தன் வேலையைக் காட்டுவதற்கு முன்னால், தனக்கு வழிகாட்டியது என்று சனாதனனின் ஒரு நூலிலிருந்து சில பக்கங்களைத் திரையில் காட்டினாள். 'தி இன்கொம்ப்ளீற் தோம்பு' என்ற பெயரில் 2011இல் வந்தது. தோம்பு என்றால் ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவு என்று உனக்குத் தெரியும். இடம்பெயர்ந்த சனங்களிடம் விட்டுவந்த வீட்டை ஞாபகத்திலிருந்து கீறச் சொல்லி, அதைக் கட்டடக் கலைஞர் கீறுகிற மாதிரி அளவான வரைபடமாக மாற்றி, தன் ஓவியத்தையும் அதோடு சேர்த்திருக்கிறார்.

மூன்றாவது பக்கம் வந்தபோது பின்வரிசையில் இருந்த ஓர் ஆச்சி எழும்பினா. எண்பது வயதுக்குக் கிட்ட இருக்கும். அதுவரைக்கும் ஒன்றும் கதைக்கவில்லை. "எனக்குக் கீறத் தெரியாது, நடந்து காட்டுறன்" என்றா. கதிரைகளை ஒதுக்கினோம். மேசைக்குப் பக்கத்தில் நின்று, "இது குசினி வாசல். தம்பி, நீ இதில நில்லு" என்று பேரனை நிற்க வைத்தா. பிறகு எண்ணிக்கொண்டு நடக்கத் தொடங்கினா. செருப்பில்லாத கால். ஒன்று, இரண்டு, மூன்று. பன்னிரண்டில் மண்டபம் முடிந்துவிட்டது. அவ நிற்கவில்லை. கதவைத் தாண்டி, படியால் இறங்கி, முற்றத்து இருட்டுக்குள் போனா. சூம் போனைப் பிடித்திருந்த பெடியன் அதோடு பின்னால் ஓடினான். திரையில் ஒன்றும் தெரியவில்லை, வேட்டி முழுக்கக் கறுப்பு. குரல் மட்டும் வந்தது: "பதினெட்டு. இதிலதான் கிணறு."

மட்டக்களப்புப் பிள்ளை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "துலாவா ஆச்சி, கப்பியா?"

"முதல் துலா. அவர் செத்தாப் பிறகுதான் கப்பி போட்டது."

அந்தக் கேள்வியைக் கேட்டதற்காகவே அந்தப் பிள்ளையை நான் காலம் முழுக்க மறக்க மாட்டேன். ஆச்சி கும்பிட்டு அழவேண்டும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. கிணற்றைப் பற்றிக் கேட்டாள். அதோடு மண்டபம் முழுக்கக் கதைக்கத் தொடங்கிவிட்டது. மாட்டுக்கொட்டில் எந்தப் பக்கம், வேலியில் பூவரசா கிளுவையா என்று. காசு கட்டாத சூம் நாற்பது நிமிடத்தில் அறுந்துவிடும். மூன்று தரம் அறுந்தது, மூன்று தரமும் திரும்ப இணைந்தோம். ஒருவரும் எழும்பிப் போகவில்லை.

இப்போது பின்னேர ரியூசனுக்கு வருகிற பிள்ளைகள் பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டு வீட்டுப் படம் கீறுகிறார்கள். அந்த ஓவியர் இவற்றை வைத்துத் தைக்கலாமா என்று கேட்டாள். கேட்டாள் என்பதைக் கவனி. நான் அந்தந்த வீட்டாரிடம் கேட்டுத்தான் பதில் சொன்னேன். கீறின தாள் வீட்டில்தான் இருக்கும், பிரதி மட்டும் போகும், செய்து முடித்ததை முதலில் எங்கள் மண்டபத்தில் காட்டவேண்டும் என்று பேசி வைத்திருக்கிறோம். 2009க்குப் பிறகு எத்தனை பேர் வந்து படம் எடுத்தார்கள், பதிந்தார்கள், படிவம் நிரப்பினார்கள். ஒரு பிரதியாவது திரும்பி வந்ததா? உன் நண்பர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடு. அவர்கள் நல்ல பிள்ளைகளாக இருப்பார்கள், ஆனாலும் சொல்லு.

அப்புறம், தமிழில் பேசவேண்டும். அங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தடக்கித் தடக்கித்தான் வரும் என்றால் பரவாயில்லை, எங்கள் சனம் பொறுமையாகக் கேட்கும், சொல் எடுத்தும் கொடுக்கும். நாலு பேர் ஒரே நாளில் வேண்டாம், ஒருவர் போதும். பேச்சு பதினைந்து நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது, மிச்ச நேரம் அவர் கேட்கவேண்டும். படங்களை ஒரு கிழமைக்கு முன் அனுப்பட்டும். எங்கள் மண்டபத்தில் எதிரொலி கூட, அதனால் போனை ஒருவர் கையில் கொண்டு திரிந்து பேசுகிறவரின் வாய்க்குக் கிட்டப் பிடிப்போம். டேட்டாவுக்கு நிலையத்துக் காசு இருக்கிறது, அனுப்பவேண்டாம். காசு அனுப்புவதென்றால் அந்த மட்டக்களப்புப் பிள்ளை ஒருதரம் இங்கே வந்துபோக பஸ் செலவுக்கு அனுப்பு. ஆச்சி அவளைப் பார்க்கவேண்டும் என்று இரண்டு தரம் கேட்டுவிட்டா.

நாள்: சித்திரை வருசப்பிறப்பு கழிந்த முதல் சனிக்கிழமை. வைகாசி பிறந்தால் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல், அந்த நாட்களில் ஊரில் ஆள் பிடிக்க முடியாது. மார்ச்சில் உங்கள் மணிக்கூடு ஒரு மணித்தியாலம் முன்னுக்குப் போய்விடும், அதனால் எங்களுக்குப் பின்னேரம் ஆறு மணி என்றால் உனக்குக் காலை எட்டரை.

நானும் எங்கள் பழைய வளவைக் கீறிக்கொண்டிருக்கிறேன். எங்கள் பக்கம் சரி, முருங்கை வரைக்கும் வந்துவிட்டது. வேலிக்கு அங்கால் உன் வளவு வெள்ளையாகக் கிடக்கிறது. உங்கள் படலை றோட்டுப் பக்கம் இருந்ததா, ஒழுங்கைப் பக்கமா? ஒழுங்கைப் பக்கம் என்றுதான் எனக்குப் படுகிறது, மனிசி இல்லை என்கிறா. அம்மாவிடம் கேட்டு எழுது. கிணற்றடிக்கு எத்தனை அடி என்றும் கேள்.

அன்புடன்,
உன் மச்சான்