வில்லன் சும்மா தோற்கக் கூடாது

அன்பு மக்கா,

கடிதம் கிடைத்தது. இங்கே மழை விட்டபாடில்லை, தோட்டத்தில் ரப்பர் பால்வெட்டு நின்று கிடக்கிறது. அப்பாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சரி, உன் கதைக்கு வருகிறேன்.

உன் விண்வெளித் தொடரில் அந்த இயந்திரக் கூட்டம் மறுபடியும் தோற்று ஓடியதும் படிப்பவர்களுக்குப் பயம் விட்டுப்போச்சு என்கிறாய். அதனால் கூட்டத்தை இரண்டு மடங்காக்கப் போகிறாயாம். வேண்டாம் மக்கா. ஆயிரம் பேரை ஒரே அத்தியாயத்தில் விரட்டினால் அதில் ஒருத்தனுக்கு யார் பயப்படுவார்கள்?

'டாக்டர் ஹூ' என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரில் டாலெக்குகள் என்ற உலோகக் கூட்டுக்குள் வாழும் கொலைகார வில்லன்கள் 1963-லேயே வந்துவிட்டன. போகப்போக அவை கேலிப்பொருளாயின. கை இருக்க வேண்டிய இடத்தில் சிங்க் அடைப்பெடுக்கிற ரப்பர் கப் போல ஒன்று. படியேறத் தெரியாது என்ற கிண்டல் வேறு. 1988-இல் ஒன்று படியேறிக் காட்டிய பிறகும் அது ஓயவில்லை. 2005-இல் ராபர்ட் ஷியர்மன் எழுதிய அத்தியாயத்தில் ஒரே ஒரு டாலெக்தான். அதுவும் நிலவறையில் சங்கிலியில் கிடக்கிறது. அதைக் கண்டதும் தொடரின் நாயகனான டாக்டர் வெலவெலத்துப்போய், வெளியே விடச் சொல்லிக் கதவை இடிக்கிறார். அங்கேயே நமக்கு வயிறு கலங்கிவிடும். அப்புறம் அந்த ரப்பர் கப்பாலேயே ஒருவனின் முகத்தை அழுத்திக் கொல்கிறது. படிக்கட்டில் நின்று ஏளனம் செய்பவர்களை நோக்கி அப்படியே மிதந்து ஏறுகிறது. சிரித்த இடத்திலேயே கத்தியை வைத்திருக்கிறார் ஷியர்மன். எனக்கு இன்றைக்கும் அது பிரமிப்புதான்.

'ஸ்டார் ட்ரெக்' என்ற அமெரிக்க விண்வெளித் தொடரில் வரும் 'போர்க்' (Borg) என்ற பாதி இயந்திரக் கூட்டத்தையும் பார், பிடிபட்டவர்களையெல்லாம் தங்களைப் போல ஆக்கிவிடுவார்கள். 1990-இல் கப்பலின் தலைவர் கேப்டன் பிக்கார்டையே பிடித்துத் தங்களில் ஒருவராக்கிவிட்டார்கள். அவர் மீண்டார், பூமியும் தப்பியது. ஆனால் அடுத்த அத்தியாயத்தில் ஊருக்குப் போனவர், அண்ணன் முன்னால் சேற்றில் உட்கார்ந்து அழுகிறார். தோற்றவர்கள் இவரிடமிருந்து எதையோ கொண்டுபோய்விட்டார்கள் அல்லவா? 1996-இல் வந்த படத்தில் அந்தக் கூட்டத்துக்கு ஒரு ராணியைக் கொடுத்தார்கள். என் கணக்கில் அது இறக்கம்தான். முகமும் பேச்சும் வந்துவிட்டால் பேரம் பேசலாம் என்று தோன்றிவிடும்.

நம்ம பக்கத்து நீலி கதை என்ன, பழிவாங்க வரும் பேய்ப்பெண்ணின் கதைதானே? முடிவு தெரிந்தும் வில்லுப்பாட்டில் உட்கார்ந்து கேட்கிறோம். கள்ளிக்கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் ஊராரிடம் நியாயம் கேட்பாள். நல்லவர்களே நம்பி, அவள் பழிவாங்கத் தேடி வந்தவனை அவளிடமே ஒப்படைப்பார்கள். பயம் அங்கேதான் இருக்கிறது.

உன் இயந்திரங்களும் தோற்கட்டும், ஆனால் போகும்போது கப்பலின் வரைபடத்தைப் படித்துக்கொண்டு போகட்டும். அதற்குக் கதவு திறந்துவிட்டது உன் கதையில் வரும் அந்த இரக்கமுள்ள மருத்துவராக இருக்கட்டும். அப்புறம் ரெண்டு மூன்று அத்தியாயம் அவை வரவே வேண்டாம். கப்பலில் ஒரு விளக்கு அணைந்தால்கூட எல்லோரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி எழுது.

கிறிஸ்துமஸுக்கு வருவாய்தானே? எழுதின வரைக்கும் கொண்டுவா, உட்கார்ந்து படிப்போம்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி
தக்கலை