புகார் கொடுத்தவருக்கும் மேல்முறையீட்டு உரிமை வேண்டும்

மதிப்பிற்குரிய ஒன்றிய சுகாதார அமைச்சர் அவர்களுக்கும் அமைச்சக அதிகாரிகளுக்கும்,

வணக்கம். தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், 2019-இன் 30ஆவது பிரிவைப் பற்றி எழுதுகிறேன். மாநில மருத்துவக் கவுன்சில் ஒரு மருத்துவர்மேல் நடவடிக்கை எடுத்தால், அவர் ஆணையத்தின் நெறிமுறை வாரியத்திடம் மேல்முறையீடு செய்யலாம். அங்கும் சாதகமாக அமையவில்லை என்றால் 60 நாளுக்குள் ஆணையத்திடமே போகலாம். ஒருவரின் பதிவும் பிழைப்பும் சம்பந்தப்பட்ட விஷயம், இந்த வாய்ப்பு அவருக்குக் கட்டாயம் வேண்டும். ஆனால் புகார் கொடுத்த நோயாளிக்கு அந்தப் பிரிவில் மேல்முறையீடே இல்லை. புகார் தள்ளுபடியானால் அவர் எங்கே போவார்?

முன்பு போக இடம் இருந்தது. 2002ஆம் ஆண்டு மருத்துவ நன்னடத்தை விதிமுறைகளில் 2004இல் சேர்த்த 8.8 விதியின்படி, மாநிலக் கவுன்சிலின் முடிவால் பாதிக்கப்பட்ட எவரும் 60 நாளுக்குள் இந்திய மருத்துவக் கவுன்சிலிடம் முறையிடலாம். 2020 செப்டம்பரில் அந்தக் கவுன்சில் போய் ஆணையம் வந்தது. அப்புறம் நோயாளிகளின் மேல்முறையீடுகள், சட்டத்தில் இடமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டன. 2023 ஆகஸ்டில் ஆணையம் தன் புதிய விதிமுறைகளை மூன்றே வாரத்தில் நிறுத்திவைத்து, பழைய 2002 விதிமுறைகளையே மறுபடி ஏற்றுக்கொண்டது. அப்படியென்றால் 8.8உம் திரும்பி வந்துவிட்டது என்றுதான் நான் வாசிக்கிறேன். ஆனால் விதி சட்டத்துக்குக் கீழ்ப்பட்டது. விதியையோ ஆணையக் கூட்டத் தீர்மானத்தையோ நம்பி நோயாளியின் முறையீட்டை விசாரணைக்கு எடுத்தால், மருத்துவர் உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டு, 30ஆவது பிரிவைக் காட்டித் தடை கேட்க முடியும்.

நோயாளியும் ரிட் போடலாமே என்பீர்கள். போடலாம். ஆனால் அரசியலமைப்பின் 226ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றம் பொதுவாக மருத்துவ ஆதாரங்களை உட்கார்ந்து எடைபோடாது. விசாரணை முறையாக நடந்ததா, காரணம் சொல்லப்பட்டதா என்று பார்க்கும். குறை இருந்தால் பெரும்பாலும் அதே கவுன்சிலுக்கே திருப்பி அனுப்பும். நான் புகார் எழுதிக் கொடுத்த ஒரு குடும்பத்துக்கு வந்த உத்தரவு இரண்டு பக்கம். ஒன்றரைப் பக்கம் யார் எந்தத் தேதியில் ஆஜரானார் என்ற விவரம். கடைசிப் பத்தியில், சிகிச்சையில் அலட்சியம் இல்லை என்று ஒரே வாக்கியம். ஏன் என்று ஒரு வரிகூட இல்லை. இதற்கு வக்கீல் வைத்து, வாய்தா வாய்தாவாக அலைய அவர்களிடம் என்ன இருக்கிறது?

கவுன்சிலின் முடிவே கடைசி முடிவாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அனுராதா சாஹா வழக்கு இருக்கிறது. 1998இல் கொல்கத்தாவில் தோல் ஒவ்வாமைக்குச் சிகிச்சைக்குப் போனவர். நாள்கணக்கில் இடைவெளிவிட்டுத் தர வேண்டிய டெப்போமெட்ரால் ஸ்டீராய்டு, நாளுக்கு இரண்டு முறை 80 மில்லிகிராம் என்று எழுதப்பட்டது. அந்த மே மாதமே இறந்துபோனார். மாநிலக் கவுன்சில் மருத்துவர்கள்மேல் தவறில்லை என்றது. 2009இல் உச்ச நீதிமன்றம் அலட்சியம் நடந்தது என்றது. 2013இல் ஏறக்குறைய 6 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. போராடிய கணவர் குணால் சாஹாவே ஒரு மருத்துவர். அவருக்கே 15 வருடம் ஆனது.

பிரிட்டனில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அங்கும் நோயாளி நேராக மேல்முறையீடு செய்ய முடியாது. ஆனால் மக்களைப் பாதுகாக்க மருத்துவருக்குத் தந்த தண்டனை போதாது என்று தோன்றினால், சுயேச்சையான கண்காணிப்பு அமைப்பு ஒன்று அதை உயர் நீதிமன்றத்துக்கு எடுத்துப் போகலாம். 2002ஆம் ஆண்டுச் சட்டம் தந்த அதிகாரம் அது. நம்மிடம் அப்படி ஓர் அமைப்பும் இல்லை.

மருத்துவர்களை வீணாக அலைக்கழிப்பார்கள் என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆதாரமில்லாத முறையீட்டைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்ய வாரியத்துக்கு அதிகாரம் கொடுங்கள். நோயாளியின் உரிமையைப் பறிக்க அது காரணமாகாது.

2022 டிசம்பரில் உங்கள் அமைச்சகம் வெளியிட்ட திருத்த மசோதாவின் வரைவிலேயே நோயாளிகளுக்கும் இந்த உரிமை இருந்தது. அது வரைவாகவே நின்றுவிட்டது. அதை நாடாளுமன்றத்துக்குக் கொண்டுவாருங்கள். 30ஆவது பிரிவில் மருத்துவருக்குப் பக்கத்தில் புகார்தாரரையும் இறந்தவரின் வாரிசுகளையும் சேருங்கள், இருவருக்கும் அதே 60 நாள். காரணம் எழுதாத எந்த உத்தரவும் செல்லாது என்றும் அதிலேயே எழுதுங்கள்.

இப்படிக்கு,
நோயாளிகளுக்குப் புகார் எழுதிக் கொடுக்கும் ஒருவர்